கிலோமீட்டர் கணக்கும் நடை சாத்தும் நேரமும்: சோழநாடு, செட்டிநாடு ஆறு நாள் கார்ப் பயணச் சேவை பற்றிய மதிப்புரை

தை மாதத்தின் நடுவில், 74 வயதான என் தாயார், மனைவி, கட்டடக்கலை படிக்கும் மகள் ஆகியோருடன் திருச்சியில் தொடங்கி மதுரையில் முடியும் ஆறு நாள் கார்ப் பயணம் ஒன்றை மேற்கொண்டேன். வண்டி, ஓட்டுநர், பயணத்திட்டம் ஆகிய மூன்றையும் திருச்சியில் உள்ள ஒரு டிராவல்ஸ் நிறுவனம் ஏற்பாடு செய்தது. தங்குமிடங்களை மட்டும் நாங்களே பதிவு செய்துகொண்டோம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளை அவர்களுக்கே எழுதி அனுப்பிவிட்டேன் என்பது ஒரு காரணம்; முன்பதிவுக்கு முன் வேறு மூன்று இடங்களில் விசாரித்தபோதும் ஏறத்தாழ இதே அச்சில் வார்த்த திட்டமே கிடைத்தது என்பது மற்றொரு காரணம். வண்டியையும் ஓட்டுநரையும் மனமாரப் பாராட்டுகிறேன். அவர்கள் கொடுத்த பயணத்திட்டம் அப்படியே பின்பற்றத்தக்கதாக இல்லை. கட்டணக் கணக்கில் ஒரு தவறு இருந்தது, சுட்டிக்காட்டியபின் திருத்தினார்கள்.

திட்டத்தாளில் ஆறு நாள்களுக்கு 23 இடங்கள் இருந்தன. ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே கிலோமீட்டரும் பயண நேரமும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. கோயில் நடை எப்போது சாத்தப்படும் என்பது மட்டும் எந்த வரியிலும் இல்லை. முதல் நாள் காலையில் திருவரங்கம், திருவானைக்காவல் இரண்டையும் முடித்துவிட்டுப் பிற்பகல் ஒரு மணிக்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் இறங்க வேண்டும் என்றும், மூன்றாம் நாள் பன்னிரண்டே முக்காலுக்குக் கங்கைகொண்டசோழபுரத்தில் இருக்க வேண்டும் என்றும் போட்டிருந்தார்கள். நண்பகலில் சாத்திய நடை மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும் என்பது இந்த மண்ணில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆயினும் வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போடும்போது அது எப்படியோ விட்டுப்போகிறது. நானும் தாளை இரண்டு முறை படித்துவிட்டுச் சரி என்று ஒப்புதல் அனுப்பியிருந்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலையில் ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார். வண்டி எண்ணையும் தம் எண்ணையும் சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கிப் பிறகு கேட்டார்: "சார், கூட வயசானவங்க வர்றாங்கன்னு சொன்னாங்க. இந்தப் பேப்பர்ல இருக்கற மாதிரி போனா அம்மா பாதிக் கோயிலை வாசல்ல நின்னுதான் பார்க்கணும். நடை திறந்திருந்தாலும் அந்தக் கல்லுல மத்தியானம் கால் வைக்க முடியாது. நான் ஒண்ணு சொல்லட்டுமா?" அவர் சொன்னது மிக எளிய ஏற்பாடு. விடியற்காலையும் மாலையும் கோயிலுக்கு. பதினொன்றரை முதல் நான்கு வரை சாலைக்கும் சாப்பாட்டுக்கும் அருங்காட்சியகத்துக்கும் பட்டறைக்கும். இந்த ஒரு விதியைக் கொண்டு அவர் அரை மணி நேரத்தில் ஆறு நாள்களையும் மாற்றி அடுக்கினார். 23 இடங்கள் 13 ஆயின. இழந்த பத்து இடங்களைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் வருத்தமில்லை.

அந்த ஏற்பாட்டின்படி முதல் நாள் நண்பகலில் தஞ்சை அரண்மனை வளாகத்தில் உள்ள கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்; வெயில் தாழ்ந்த பிறகே பெரிய கோயிலுக்குள் நுழைந்தோம். 1010ஆம் ஆண்டில் இராசராசன் கட்டி முடித்த அந்த விமானம் மாலை ஒளியில் பொன்னிறமாகி, பிறகு மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்குத் திரும்புவதைத் திருச்சுற்றில் உட்கார்ந்தபடியே ஒன்றரை மணி நேரம் பார்த்தோம். பயணத்திட்டத் தாளில் 'விமானத்தின் நிழல் தரையில் விழாது' என்று அச்சிட்டிருந்தார்கள். அது உண்மையன்று, நீண்ட நிழல் கிழக்கே புல்வெளியைத் தாண்டி விழுந்திருந்ததை மகள் படம் எடுத்துக்கொண்டாள். பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் தாளில் இப்படிப்பட்ட கட்டுக்கதைக்கு இடம் கொடுத்ததற்குப் பதிலாக, விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன், அதாவது தமக்கை, கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் சேர்த்துக் கல்லில் வெட்டும்படி ஓர் அரசன் ஆணையிட்ட வரிகள் அவை. அவற்றை எங்களுக்குப் படித்துக் காட்டியவர் அங்கே அமர்த்திக்கொண்ட வழிகாட்டி. அக்கன் என்ற சொல்லைக் கேட்டதும் என் தாயார் எழுந்து சென்று, தடுப்புக்கு இப்பாலிருந்தே அந்தக் கல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலும் ஆறரை மணிக்கு அதே கோயிலுக்குப் போனோம். ஒரே இடத்துக்கு இரண்டு முறை போவதை எந்த நிறுவனமும் திட்டத்தில் எழுதித் தராது. இடங்களின் எண்ணிக்கை குறைந்துபோகும் என்று அஞ்சுகிறார்கள். கருவறையைச் சுற்றியுள்ள உள் நடையில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியிலிருந்து 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் நேரில் பார்க்க முடியாது. வளாகத்திலேயே உள்ள விளக்கக் கூடத்தில் அவற்றின் படங்கள் இருக்கின்றன என்பதையும் அந்த இரண்டாம் வருகையில்தான் அறிந்தோம்.

இரண்டாம் நாள் நண்பகலைச் சுவாமிமலையில் கழித்தோம். திட்டத்தாளில் சுவாமிமலை என்றால் முருகன் கோயில் மட்டுமே. சிலை வார்ப்புப் பட்டறைகளைப் பற்றிய குறிப்பே இல்லை. ஓட்டுநர் தமக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு அழைத்துச் சென்றார். எதையும் வாங்கும்படி அங்கே யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. ஒரு மூத்த ஸ்தபதி தென்னோலை நறுக்கு ஒன்றை எடுத்து, சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து நகத்தால் கோடு பதித்து, முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று அளவு பிரித்ததை மகள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து பிடித்த பதுமையின் மேல் காவிரியின் நுண்ணிய வண்டலை முதல் பூச்சாகத் தடவுகிறார்கள். மெழுகில் நகக்கண் அளவு கீறல் இருந்தாலும் அதை அந்த வண்டல் பிரதி எடுத்துக்கொள்ளும் என்பதால், இந்த ஊரில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு ஆற்றின் மண்ணே காரணம் என்று ஸ்தபதி சொன்னார். மண் உலர்ந்ததும் சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு மண்ணை உடைத்தெடுப்பதால் ஓர் அச்சிலிருந்து ஒரு சிலைதான் பிறக்கும். கொல்லையில் உடைந்த மண் அச்சின் துண்டுகள் குவிந்து கிடந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது உட்புறத்தில் ஒரு கையின் ஐந்து விரல்களும் குழிவாகத் தெரிந்தன.

அன்று மாலை தாராசுரம். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்கலாம் என்று யாராவது நிபந்தனை விதித்தால் நான் பெரிய கோயிலை விட்டுவிட்டு ஐராவதேசுவரர் கோயிலையே தேர்ந்தெடுப்பேன். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. தஞ்சைப் பெரிய கோயில் 1987இலும், கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் 2004இலும் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. தஞ்சையில் அண்ணாந்து பார்க்க வேண்டும். தாராசுரத்தில் குனிந்து பார்க்க வேண்டும். தேர் வடிவிலான முன்மண்டபத்தின் சக்கரத்தையும் குதிரையையும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் கருவறைச் சுவரின் அடிப்பகுதியில், முழங்கால் உயரத்துக்கும் கீழே, நாயன்மார்களின் வரலாறுகள் சாண் அளவுச் சிற்பங்களாக வரிசையாகச் செல்கின்றன. என் தாயாரால் குனிய முடியாது. ஓட்டுநர் வண்டியிலிருந்து ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அம்மா அதில் அமர்ந்து, ஒவ்வொரு சிற்பமாக நகர்ந்து நகர்ந்து, கண்ணப்பரையும் அப்பூதியடிகளையும் தாமே கண்டுபிடித்து எங்களுக்குச் சொன்னார். நிறுவனத் திட்டத்தில் தாராசுரத்துக்கு ஒதுக்கியிருந்த நேரம் முப்பது நிமிடம். நாங்கள் இருந்தது இரண்டரை மணி நேரம். கோயில் தாழ்வான இடத்தில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் முன்புறத்தில் தண்ணீர் தேங்கும் என்பதையும் கணக்கில் கொண்டு மாதத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மூன்றாம் நாளில் எங்கள் மாற்றுத் திட்டமும் ஒரு பிழை செய்தது. கும்பகோணத்திலிருந்து விடியலில் கிளம்பி, அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுகிய பழைய பாலத்தைக் கடந்து, ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் உள்ள கங்கைகொண்டசோழபுரத்தை ஏழே காலுக்கு அடைந்தோம். வடக்கு வாயிற்படியருகே சிவபெருமான் தம் அடியாரான சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றும் சிற்பத்தை, பக்கத்தில் வேறு யாருமே இல்லாமல், காலைக் குளிரில் பார்க்க முடிந்தது. தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் ஏறுகிறது, இது உள்வளைந்து ஏறுகிறது என்ற வேறுபாட்டை மகள் நோட்டுப்புத்தகத்தில் வரைந்து எனக்கு விளக்கினாள். பிறகு காட்டுமன்னார்கோயில் வழியாக, முதலாம் பராந்தகன் காலத்து வீராணம் ஏரியின் கரையோரமாகச் சிதம்பரம் போனோம். 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி இதுதான் என்று மகளிடம் சொன்னேன். தை மாதம் சம்பா அறுவடைக் காலமாதலால், அறுவடை இயந்திரங்களும் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களும் சாலையை நிறைத்திருந்தன. ஒரு மணி நேரம் என்று வரைபடம் காட்டிய தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. சிதம்பரத்தில் நடை சாத்தும் தறுவாயில் போய்ச் சேர்ந்து, மாலைவரை காத்திருந்து, கோபுர வாயில்களில் உள்ள 108 கரணங்கள் எனப்படும் நடன நிலைச் சிற்பங்களையும் மாலைப் பூசையையும் பார்த்துவிட்டு, இரவில் எழுபது கி.மீ.க்கு மேல் கும்பகோணத்துக்குத் திரும்பினோம். அன்று சிதம்பரத்திலேயே தங்கியிருக்க வேண்டும். அம்மா மறுநாள் காலை எழுந்திருக்கவே சிரமப்பட்டார்.

நான்காம் நாள் பெரும்பாலும் சாலைப் பயணம். விக்கிரவாண்டியில் தொடங்கும் 36ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கும்பகோணம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருமயம் ஆகிய ஊர்களை ஒரே கோட்டில் இணைப்பதால் வழி தேட வேண்டிய தேவையே இல்லை. சித்தன்னவாசலில் சமணக் குகையின் விதானத்தில் உள்ள தாமரைக் குள ஓவியத்தை நண்பகலிலும் நிழலில் நின்று பார்க்கலாம். குன்றின் மேல் சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்கு ஏறுவதாயிருந்தால் காலையில் வர வேண்டும். திருமயம் கோட்டையை மகளும் மனைவியும் மட்டும் ஏறிப் பார்த்தார்கள்.

செட்டிநாட்டுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கியது சரியான முடிவு. நிறுவனம் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி ஆகிய நான்கையும் அரை நாளில் முடித்து அன்று மாலையே மதுரைக்குப் போகச் சொல்லியிருந்தது. தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிப் பட்டறையில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உலோக வார்ப்பின் அறைகளுக்குள் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, வார்ப்பை ஆட்டாமல் மேலே தூக்குவார் ஒருவர். கோடுகள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை வைத்து அழுத்திவிடுவார். உலர்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊற வைத்துப் பதப்படுத்துகிறார்கள். சூளை கிடையாது, மின்விசை கிடையாது. கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. பிறகு ஒரு பெரிய வீட்டின் முகப்பிலும் வளவு எனப்படும் உள்முற்றத்திலும் அதே கற்கள் காலடியில் குளிர்ந்து கிடந்ததை உணர்ந்தபோது, பட்டறையை முதலில் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்தது எவ்வளவு நல்லது என்று தோன்றியது. திட்டத்தில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. கானாடுகாத்தானில் எல்லா வீடுகளும் திறந்திருக்கமாட்டா. வீட்டார் அனுமதிக்கும் சிலவற்றையே கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். அவை குடும்பங்களின் வீடுகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்ட பிறகே படம் எடுக்க வேண்டும்.

மதுரைக்குப் போகும் நாளில், தைப்பூசத்துக்காகப் பழனிக்கு நடந்துகொண்டிருந்த காவடிக் கூட்டங்களைச் சாலையில் கண்டோம். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, ஒலிப்பானைத் தொடாமல், அவர்கள் ஒதுங்கும் வரை பின்னாலேயே ஓட்டினார். கீழடி அருங்காட்சியகத்தைப் பிற்பகலிலும் மீனாட்சியம்மன் கோயிலை மாலையிலும் வைத்துக்கொண்டோம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை உண்டு. இதையும் தாளில் எழுதியிருக்க வேண்டும். எங்களை இறக்குவதற்கு முன் ஓட்டுநர்தான் நினைவூட்டிக் கைப்பேசிகளை வண்டியிலேயே வைக்கச் சொன்னார்.

இனிப் பணக் கணக்கு. ஒப்பந்தம் கிலோமீட்டருக்கு 20 ரூபாய், நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ., ஓட்டுநர் பேட்டா நாளொன்றுக்கு 600 ரூபாய், டோலும் பார்க்கிங்கும் தனி. வழக்கமான விதிமுறைதான். ஆனால் சோழநாட்டுக்கு இந்த முறை பொருந்தவே பொருந்தாது. இங்கே ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. தாராசுரம் கும்பகோணத்திலிருந்து நான்கு கி.மீ. மட்டுமே. வண்டி திருச்சிக்குத் திரும்பிய தூரத்தையும் சேர்த்து, ஆறு நாளில் மொத்தம் ஓடியது 812 கி.மீ.; நாங்கள் பணம் கொடுத்தது 1,500 கி.மீ.க்கு. பேட்டாவுடன் 33,600 ரூபாய். ஊர் திரும்பிய பிறகு, நாள் வாடகை தனி, டீசல் தனி என்ற முறையில் வேறு ஓர் உரிமையாளரிடம் விசாரித்தேன். அவர் சொன்ன வாடகையில் ஏறத்தாழ ஏழாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போவோருக்குக் கிலோமீட்டர் கணக்கு நியாயமானது. தஞ்சைப் பகுதியில் நின்று நிதானித்துப் பார்ப்போர் நாள் வாடகையையே கேட்க வேண்டும். இடங்களை 23 வரை அடுக்கியதற்கும் இந்த 250 கி.மீ. கணக்குக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். கொடுக்கும் பணத்துக்கு ஓட வேண்டாமா என்று பயணிகளே கேட்பார்கள் என்ற எண்ணத்தில்தான் திட்டத்தை நிரப்புகிறார்கள்.

இறுதிப் பில்லில் 'மதுரையிலிருந்து வெற்று வண்டி திரும்பிய 140 கி.மீ.' என்று 2,800 ரூபாயைத் தனியாகச் சேர்த்திருந்தார்கள். திரும்பும் தூரத்துக்குக் கட்டணம் உண்டு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தூரத்தைச் சேர்த்தும் மொத்த ஓட்டம் குறைந்தபட்ச அளவைத் தொடவே இல்லையே. ஓட்டுநர் நாள்தோறும் தொடக்க, முடிவு அளவுகளை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிய டிரிப் ஷீட்டின் படத்தை அனுப்பி இதைக் கேட்டேன். இரண்டு நாளில் அந்தத் தொகையை நீக்கித் திருத்திய பில் வந்தது. டிரிப் ஷீட்டைத் தினமும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருத்தம் மீதம் இருக்கிறது. ஓட்டுநர் எங்கே தூங்குவார் என்பது ஒப்பந்தத்தில் ஒரு வரியிலும் இல்லை. தஞ்சையிலும் கும்பகோணத்திலும் விடுதிகளில் ஓட்டுநர்களுக்கென்று அறை இருந்தது. காரைக்குடியில் நாங்கள் தங்கிய இடத்தில் இல்லை. முதல் நாளிரவு அவர் வண்டியிலேயே இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்ததை விடிகாலையில் நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். "பழக்கம்தான் சார்" என்றார். அடுத்த இரவுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துக் கொடுத்தோம். பேட்டா 600 ரூபாயில் சாப்பாடும் அடங்கவேண்டும், படுக்கையும் அடங்கவேண்டும் என்றால் அவர் படுக்கையைத்தான் விடுவார். தூக்கமில்லாதவர் கையில் நான்கு உயிர்களை ஒப்படைத்து நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது. நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் நான் முதலில் வைத்த கோரிக்கை இதுதான்: விடுதியைப் பயணிகள் பதிவு செய்யும்போதே ஓட்டுநருக்கு இடம் உண்டா என்று கேட்கும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள், இல்லையென்றால் அறை வாடகையை எங்கள் பில்லில் சேருங்கள். இரண்டாவதாக, ஓட்டுநர் மாற்றியமைத்த திட்டத்தை நாள்வாரியாகத் தட்டச்சு செய்து, அவருடைய பெயரைக் குறிப்பிட்டு அனுப்பினேன். அடுத்த மாதம் இதே வழியில் செல்லவிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்தத் தாளையே கொடுக்கப் போவதாகப் பதில் வந்திருக்கிறது.